ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை

1/
"அம்மா, பிரஷர் 180/100 இருக்கு. மாத்திரை தினமும் போடறீங்களா?"

"போடறேன் சார்... ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

"அப்படிப் போடச் சொல்லி யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை சார். அப்பதானே பத்து மாத்திரை அட்டை இருபது நாள் வரும்?"

2/
அவருக்கு வயது 67. கணவர் இல்லை. இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். மாதாமாதம் முதியோர் உதவித்தொகை வருது. காலையில் வேலைக்குப் போயிடறதால அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிக்க முடியறதில்லை. அதனால மெடிக்கல் ஷாப்பில் காசு கொடுத்து வாங்கறார்.

பிரஷர் மாத்திரையை 24 மணி நேரத்துக்குக் கணக்குப் பண்ணித்தான் எழுதிக் கொடுக்கறோம். விட்டு விட்டுப் போட்டா ஒரு நாள் பக்கவாதத்தில் வந்து நிக்கும். இது அவருக்குத் தெரியாம இல்லை. தெரிஞ்சேதான் செய்யறார்.

3/
"விலைவாசி பத்தி டாக்டருக்கு என்ன வேலை?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆனா விலைவாசி ஏறும்போது ஏழை வீட்டில் முதலில் எதைக் குறைப்பாங்கன்னு நாங்க கண் முன்னாடி பாக்கறோம். வாடகையைக் குறைக்க முடியாது. அரிசியைக் குறைக்க முடியாது. குறைக்க முடிஞ்சது முட்டை, பால், காய், அப்புறம் மாத்திரை.

4/
முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். "பணவீக்கம் குறைஞ்சிருச்சு"ன்னு செய்தி வரும்போது பலர், "எங்கே குறைஞ்சது, கடையில் அதே விலைதானே?"ன்னு கோபப்படறாங்க.

உடல் எடையை வெச்சு யோசிங்க. போன வருஷம் 7 கிலோ ஏறின ஒருத்தர் இந்த வருஷம் 2 கிலோ மட்டும் ஏறினார். எடை ஏறும் வேகம் குறைஞ்சிருக்கு. எடை குறையலை. மொத்தத்தில் 9 கிலோ கூடியிருக்கு.

பணவீக்கமும் அப்படித்தான். அது ஏறும் வேகம். ஏற்கெனவே ஏறின விலை அப்படியே இருக்கும், அதுக்கு மேலதான் அடுத்தது ஏறும்.

5/
இப்ப கணக்குக்கு வருவோம். நாட்டின் நுகர்வோர் விலைக் குறியீட்டில் 2012-ஐ 100 என்று வைத்தால், 2023 ஜூலையில் அது 186. அதாவது 2012-ல் 100 ரூபாய்க்கு வாங்கின சாமானுக்கு 186 ரூபாய்.

அந்த ஜூலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தக்காளி கிலோ நூறைத் தாண்டின மாசம். பொதுப் பணவீக்கம் 7.44 சதவீதம். உணவுப் பொருட்களுக்கு மட்டும் 11.51 சதவீதம்.

6/
இந்த இரண்டு எண்ணும் எல்லாருக்கும் ஒண்ணு போல வலிக்காது. அந்தக் குறியீட்டில் கிராமப்புறத்தில் செலவில் 54 சதவீதம் சாப்பாட்டுக்கு. நகரத்தில் 36 சதவீதம். இதுவும் சராசரிதான். வருமானம் குறையக் குறைய, அதில் சாப்பாட்டுக்குப் போற பங்கு கூடிக்கிட்டே போகும்.

தக்காளி விலை ஏறினா நான் முணுமுணுத்துக்கிட்டே வாங்கிடுவேன். அந்த அம்மா புளியை மட்டும் கரைச்சு ரசம் வைப்பார்.

7/
சரி, விலை எல்லாருக்கும்தானே ஏறுது? ஆமாம். ஆனா வருமானம் எல்லாருக்கும் ஏறறதில்லை. என்னைப் பொறுத்தவரை மொத்தப் பிரச்சினையும் இங்கேதான் இருக்கு.

அரசு ஊழியருக்கும் அரசு ஓய்வூதியருக்கும் அகவிலைப்படி இருக்கு. மத்திய அரசில் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூலையிலும், விலைக் குறியீட்டைப் பார்த்து உயர்த்தறாங்க. இது நல்ல ஏற்பாடு. அதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

8/
மருந்து கம்பெனிகளுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கு. அத்தியாவசிய மருந்துகளுக்கு அரசு உச்ச விலை வைக்குது. அந்த உச்ச விலையை ஒவ்வொரு ஏப்ரலிலும் மொத்த விலைக் குறியீட்டுக்கு ஏத்தபடி உயர்த்திக்கலாம் என்பது 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே இருக்கு.

2022 ஏப்ரலில் 10.77 சதவீதம், 2023 ஏப்ரலில் 12.12 சதவீதம் உயர்த்திக்க அனுமதி கிடைச்சது. இரண்டையும் சேர்த்தா ஏறக்குறைய 24 சதவீதம்.

9/
நானும் விதிவிலக்கு இல்லை. கிளினிக் வாடகை ஏறிச்சு, கரன்ட் பில் ஏறிச்சு. நான் ஃபீஸை ஏத்தினேன். யார்கிட்டயும் மனு கொடுக்கலை. போர்டில் எண்ணை மாத்தி எழுதினேன், அவ்வளவுதான்.

அந்த அம்மா எந்த போர்டில் போய் மாத்தி எழுதுவார்?

10/
தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2011-ல் 500-லிருந்து 1,000 ரூபாய் ஆச்சு. உண்மையிலேயே பெரிய உயர்வு. அதுக்கப்புறம் 12 வருஷம் அதே 1,000. 2023-ல் 1,200 ஆக உயர்ந்தது.

1,000 எங்கே, 1,200 எங்கே, நல்லதுதானேன்னு தோணும். மேலே சொன்ன 186-ஐ வெச்சுப் பாருங்க. 2012-ல் 1,000 ரூபாய்க்கு வாங்கினதை 2023-ல் வாங்க 1,860 ரூபாய் வேணும். அந்த 1,200-ன் மதிப்பு 2012 கணக்கில் சுமார் 645 ரூபாய்.

உயர்த்தின பிறகும் பழைய தொகையை விடக் குறைவு. யாரும் ஒரு ரூபாய்கூட வெட்டலை. ஆனா மூணில் ஒரு பங்குக்கு மேல போயிடுச்சு.

11/
மாநில அரசை மட்டும் சொல்லிட்டு நிறுத்தினா நியாயமில்லை. மத்திய அரசின் தேசிய முதியோர் உதவித்தொகைத் திட்டத்தில் மத்தியப் பங்கு 2007-ல் மாசம் 200 ரூபாய். 60 முதல் 79 வயது வரை உள்ளவங்களுக்கு 2023-லும் 200 ரூபாய்தான்.

தொழிலாளர் வைப்புநிதி ஓய்வூதியத்தில் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் 1,000. பத்து வருஷம் கழிச்சும் அதே 1,000.

எந்தக் கட்சி ஆட்சி, எந்த அரசு என்பது இங்கே விஷயமில்லை. தொகையை ஒரு எண்ணாக எழுதி வெச்சுட்டு மறந்துடறதுதான் விஷயம்.

12/
"பணவீக்கத்தைக் கட்டுப்படுத்திட்டா போதுமே?"

ரிசர்வ் வங்கிக்கு 2016 முதல் இலக்கு 4 சதவீதம். இரண்டு சதவீதம் மேலேயோ கீழேயோ போகலாம். அந்த 4 சதவீதத்தைத் துல்லியமாகக் கடைப்பிடிச்சாலும் விலைகள் சுமார் 18 வருஷத்தில் இரட்டிப்பாகும். 6 சதவீதம்னா 12 வருஷம்.

60 வயதில் உதவித்தொகை வாங்க ஆரம்பிச்சவருக்கு 78 வயதில் அதன் மதிப்பு பாதி. உடம்பு தளரத் தளரத் தொகையும் தளரும்.

13/
அந்த அம்மா கதைக்குத் திரும்பி வரேன். மக்களைத் தேடி மருத்துவம் பத்தி அவருக்குச் சொல்லி, அவர் பகுதிச் சுகாதாரப் பணியாளர்கிட்ட பேசினேன். இப்ப பிரஷர் மாத்திரை மாசாமாசம் வீட்டுக்கே வருது, இலவசமாக. மூணு மாசம் கழிச்சு வந்தார். பிரஷர் 136/84. எனக்கு சந்தோஷம் தாங்கலை.

அப்புறம் எடை பார்த்தேன். மூணு கிலோ குறைஞ்சிருந்தது.

14/
வயசானவங்களுக்குக் காரணமில்லாம எடை குறைஞ்சா நாங்க சும்மா விடமாட்டோம். சளிப் பரிசோதனை, சுகர், தைராய்டு எல்லாம் பார்த்தாச்சு. நார்மல்.

"என்னம்மா சாப்பிடறீங்க?"

"ரேஷன் அரிசி இருக்கு சார். பருப்பும் ரேஷன்ல வாங்கிக்கறேன். கஞ்சி, ரசம், எப்பவாவது பருப்பு."

"தினம் ஒரு முட்டை சாப்பிடுங்கம்மா."

சிரிச்சார். "நீங்க கடைக்குப் போயி ரொம்ப நாளாச்சு போல சார்."

15/
இதுல ஒரு விஷயம் கவனிங்க. பொருளாகக் கிடைச்சது எதுவும் தேயலை. இலவச அரிசி 2011-லும் கிலோ கிலோதான், இப்பவும் கிலோ கிலோதான். மாத்திரை மாத்திரையாகவே வருது. மகளிர் இலவசப் பேருந்தில் டிக்கெட் விலை எவ்வளவு ஏறினாலும் அவருக்குப் பூஜ்யம்தான்.

இலவசம்னு நாம கேலி பண்ற இந்தத் திட்டங்களுக்குள்ள விலைவாசிக்கு எதிரான தடுப்பூசி இருக்கு. பணமாகக் கொடுக்கறதுக்கு மட்டும் யாரும் ஊசி போடலை. முட்டை, பால், காய் எல்லாம் அந்தப் பணத்தில்தான் வாங்கணும்.

16/
வயசான உடம்பில் புரதம் குறைஞ்சா தசை கரையும். தசை கரைஞ்சா நடை தடுமாறும். பாத்ரூமில் ஒரு தடவை விழுந்தா இடுப்பு எலும்பு முறியும். அதுக்கப்புறம் படுக்கை. ஆபரேஷனுக்குக் காப்பீடு இருக்கலாம். அன்னிக்குத் தண்ணி எடுத்துக் கொடுக்க யார் இருக்காங்க?

17/
நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அரசு ஊழியரின் அகவிலைப்படிக்கு உள்ள அதே விதியை முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி உதவித்தொகைகளுக்கும் வையுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை, குறியீடு எவ்வளவு ஏறிச்சோ அவ்வளவு. தேர்தல் அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம்.

முடியாத காரியம் இல்லை. ராஜஸ்தான் 2023-ல் குறைந்தபட்ச வருமான உறுதிச் சட்டத்தில், உதவித்தொகை வருஷத்துக்கு 15 சதவீதம் தானாக உயரணும்னு எழுதியது. சதவீதம் எவ்வளவு என்பதில் வாதம் இருக்கலாம். ஆனா சட்டத்தில் எழுத முடியும்.

18/
"பணத்துக்கு எங்கே போறது?" இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கலை. லட்சக்கணக்கான பேருக்குக் கொடுக்கணும், பெரிய செலவுதான்.

ஆனா ஒண்ணு யோசிங்க. ஜிஎஸ்டி என்பது விலையில் ஒரு சதவீதம். 100 ரூபாய்ச் சாமானுக்கு 5 சதவீத வரி 5 ரூபாய். அதே சாமான் 150 ஆனா வரி 7.50. விலை ஏறும்போது அரசின் வரவும் தானாக ஏறுது. அந்த அம்மா வாங்கற சோப்பிலும் அந்த வரி இருக்கு. வரவு தானாக ஏறும், கொடுக்கறது மட்டும் தானாக ஏறாது என்றால் அது சரியில்லை.

19/
இதைப் படிக்கற உங்களுக்கு இரண்டு வேலை.

ஒண்ணு, உங்க வீட்டில், பக்கத்து வீட்டில், உங்க வீட்டு வேலைக்கு வரும் வயசானவங்ககிட்ட "மாத்திரை போடறீங்களா?"ன்னு கேக்காதீங்க. எல்லாரும் ஆமாம்னுதான் சொல்வாங்க. "ஒரு அட்டை எத்தனை நாள் வருது?"ன்னு கேளுங்க. பதில்லயே எல்லாம் தெரிஞ்சிடும். விட்டு விட்டுப் போடறாங்கன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. மருந்து இலவசம்.

இரண்டு, ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட "எவ்வளவு தருவீங்க?"ன்னு கேக்கறதோட நிறுத்தாதீங்க. "அடுத்த வருஷம் விலை ஏறினா இதுவும் ஏறுமா?"ன்னு கேளுங்க.

20/
அந்த அம்மாவுக்கு அடுத்த வாரம் செக்கப் இருக்கு. பிரஷர் நார்மலாகத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். எடை மிஷின் என்ன சொல்லப் போகுதுன்னுதான் தெரியலை.