கழற்றத் தெரியாதவன் மாட்டாதே

டூரிங் பைக் என்று நம் ஊரில் ஒரு வேஷம் உண்டு. முன்னால் ஆளுயரக் கண்ணாடி. அதற்குக் கீழே மஞ்சளும் வெள்ளையுமாக நாலு லைட்டு. இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், சட்டத்தில் ஒரு ஜெர்ரி கேன். இருபது கிலோமீட்டருக்கு ஒரு பங்க் இருக்கிற சென்னை - திருச்சி சாலையில், 15 லிட்டர் டேங்க் உள்ள வண்டிக்கு எதற்கய்யா ஜெர்ரி கேன் என்று கேட்டால், "லுக்குக்காக ப்ரோ" என்று பதில் வரும். வண்டி பெரும்பாலும் ஈசிஆரில் ஒரு காபிக் கடை வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

மாடிஃபிகேஷனோடு எனக்குச் சண்டை இல்லை. என்னிடம் இருப்பதும் 350 சிசி குரூசர்தான். சீட், ஹேண்டில்பார், பின்பக்கக் கேரியர் என்று மாற்றாத இடம் குறைவு. என் சண்டை, மாட்டியதைக் கழற்றத் தெரியாமல் மாட்டிக்கொள்பவர்களோடு. வண்டி நின்றுபோனால் அது ஏன் நின்றது என்று யோசிக்கவே மறுக்கிற மனநிலையோடு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் முப்பதாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கியவர், வண்டியோடு சும்மா வந்த டூல் கிட்டின் உறையைக்கூடப் பிரித்திருக்க மாட்டார்.

குரூசர் என்பது என்ன என்று முதலில் பார்ப்போம். கால் முன்னால் நீண்டிருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும். பார்க்க சுகம். ஆனால் உடம்பின் எடை முழுக்க வால் எலும்பில் இறங்குகிறது. பள்ளம் வந்தால் சாதாரண பைக்கில் காலை ஊன்றி இடுப்பை லேசாகத் தூக்கிக்கொள்ளலாம். இதில் கால் முன்னால் இருப்பதால் அது எளிதல்ல. அடி நேராக முதுகுத்தண்டுக்குப் போகும். ஆக, குரூசரில் தூரம் போகிறவனுடைய முதல் கேள்வி முதுகு. அதற்குப் பின் ஷாக் அப்சார்பரின் பிரீலோடை உன் எடைக்கும், பின்னால் உட்காருபவர் எடைக்கும், பையின் எடைக்கும் ஏற்ப மாற்ற வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அது ஒரு சி-ஸ்பேனரால் திருப்பும் வளையம். ஐந்து நிமிட வேலை. செலவு பூஜ்யம். கிளட்ச் லீவரின் சாய்வை மணிக்கட்டுக்கு நேராகத் திருப்புவதும், பாரம் ஏற்றினால் டயர் காற்றை மாற்றுவதும் அப்படித்தான். இவையெல்லாமும் கஸ்டமைசேஷன்தான். ஆனால் போட்டோவில் தெரியாது. அதனால் யாரும் செய்வதில்லை.

போட்டோவில் தெரிவது லைட்டு. சரி, அதையே எடுத்துக்கொள்வோம். 55 வாட் ஹாலஜன் விளக்கு இரண்டு மாட்டினால் 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் ஒன்பது ஆம்பியருக்கு மேல். இந்தக் கணக்கு எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். அந்த ஒன்பது ஆம்பியரை, ஹேண்டில்பாரில் இருக்கும் குட்டி சுவிட்ச் வழியாக, நூல் மாதிரி ஒயரில் அனுப்பினால் ஒயர் சூடாகும், உறை உருகும், ஒருநாள் புகையும். அதற்குத்தான் ரிலே. சுவிட்ச் ரிலேயை மட்டும் தட்டி எழுப்பும். பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் தாண்டி, நேராக விளக்குக்குப் போகும். எந்தக் கடையில் எதை மாட்டினாலும் "ரிலே எங்கே? ஃபியூஸ் எங்கே? எர்த் எங்கே அடித்திருக்கீங்க?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. இரண்டு வருடம் முன்பு நண்பர் ஒருவரும் நானும் கொல்லிமலை ஏறினோம். 70 கொண்டை ஊசி வளைவு. அவர் வண்டியில் புதிதாக உயரமான ஹேண்டில்பார். பத்தாவது வளைவுக்கு மேல் வண்டி திடீர் திடீரென்று அணைய ஆரம்பித்தது. அதுவும் இடப்பக்கம் ஒடிக்கும்போது மட்டும். ஒரு முறை, மேலிருந்து பஸ் இறங்கிவரும்போது நட்டநடு வளைவில் நின்றுவிட்டது. "இசியூ போயிடுச்சு மச்சான், டோவிங் கூப்பிடலாம்" என்றார் அவர். நான் வண்டியை ஓரங்கட்டி, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே ஹேண்டில்பாரை மெதுவாக இடப்பக்கம் திருப்பினேன். அணைந்தது. நேராக்கினால் ஸ்டார்ட் ஆனது. நாலு தடவை செய்து பார்த்தாலும் அதேதான். அப்படியென்றால் பெட்ரோல் இல்லை, பிளக் இல்லை, இசியூவும் இல்லை. திரும்பும்போது இழுபடுகிற ஏதோ ஒரு ஒயர். ஹெட்லைட்டைக் கழற்றினால், கோன் செட் பக்கத்தில் கில் சுவிட்ச் ஒயர் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நிற்கிறது. உறை முழுசாக இருந்தது, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தன. பாரை நாலு இஞ்ச் உயர்த்திய கடைக்காரர் ஒயரை நீட்டவில்லை. துண்டு ஒயர் போட்டு முறுக்கி, டேப் சுற்றி, தொய்வு விட்டுக் கட்ட நாற்பது நிமிஷம் ஆனது.

இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. கோளாறைக் கண்டுபிடிப்பது என்பது மந்திரம் அல்ல, வரிசை. எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று பார். எளியதிலிருந்து தொடங்கு. வண்டி ஸ்டார்ட் ஆகலையா? கில் சுவிட்ச் பார். சைடு ஸ்டாண்டு சென்சாரில் சேறு அப்பியிருக்கிறதா பார். கிளட்சைப் பிடித்துப் பார். பேட்டரி டெர்மினல் லூசா பார். 500 ரூபாய்க்குள் கிடைக்கும் மல்டிமீட்டரை வை: வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் அருகில் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. இன்ஜின் ஓடும்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்தால் 14 பக்கம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் புது பேட்டரி வாங்காதே. சார்ஜிங்கில் கோளாறு, புதியதும் ஒரு வாரத்தில் செத்துவிடும். "சைலன்சர் மாத்தினதிலிருந்து பட்பட்னு வெடிக்குது, செம ஃபீல்" என்கிறார்களே, அதில் பாதி நேரம் பேக்கிங் சரியாக உட்காராமல் காற்று உள்ளே போவதுதான். பழுதைக் கம்பீரம் என்று நினைத்து ரீல்ஸ் போடுகிறோம்.

இலக்கிய வட்டத்து நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1974-ல் வெளிவந்த ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' புத்தகத்தை எல்லோரும் தத்துவமாக மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் பிஎம்டபிள்யூ ஓட்டும் ஒரு நண்பர் வருவார். அவர் வண்டியின் ஹேண்டில்பார் நழுவும். காலி பீர் டப்பாவின் தகரத்தை வெட்டி இடுக்கில் வைத்தால் சரியாகிவிடும் என்பார் கதைசொல்லி. நண்பருக்கு முகம் சுருங்கிவிடும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஜெர்மன் வண்டிக்கு பீர் தகரமா? நம்மில் பெரும்பாலோர் அந்த நண்பர்தான். புத்தகத்தைப் படித்துவிட்டு நம்மைக் கதைசொல்லி என்று நினைத்துக்கொள்கிறோம்.

இந்த முகச் சுருக்கத்துக்கு நம் ஊரில் ஒரு கூடுதல் காரணம் இருக்கிறது. கையில் கிரீஸ் படுவது நமக்குத் தாழ்வு. அது 'மத்தவங்க' வேலை. வண்டி நடுரோட்டில் நின்றால் மெக்கானிக் "அண்ணே". பில் கொடுக்கும்போது அவரே "ஏம்பா". புதுப்பேட்டைச் சந்துகளில் ஒரு பேரிங்கைக் கையில் உருட்டிப் பார்த்தே அதன் ஆயுளைச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த அறிவை நாம் அறிவு என்று சொல்வதில்லை, 'அனுபவம்' என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். நான்கு கவிதை எழுதியவனைக் கலைஞன் என்போம். நாற்பது வருடம் இன்ஜின் சத்தம் கேட்டவரை "பட்டறைக்காரர்" என்போம்.

நிறுவனங்களுக்கு இந்த மனநிலை வசதி. "எதையும் தொடாதீங்க சார், வாரண்டி போயிடும்." 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 வந்தபின் கார்புரேட்டர் போய் எல்லாம் சென்சார், இசியூ. புகை குறைவது நல்லதே. ஆனால் பிழைக் குறியீட்டைப் படிக்கும் கருவியும் ஒயரிங் படமும் டீலரிடம் மட்டும் இருந்தால், காது வைத்துக் கோளாறு கண்ட பட்டறைக்காரரைக் கண்ணைக் கட்டி உட்கார வைத்த மாதிரி. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு 'பழுதுநீக்கும் உரிமை'க்கு ஓர் இணையதளம் தொடங்கியது, வாகனங்களும் அதில் அடக்கம். அந்த உரிமையைக் கேட்க வேண்டியவர்கள் நாம். நாமோ எந்த நிற ஃபாயில் ஒட்டலாம் என்று விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

சட்டமும் நம்மைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. தயாரிப்பாளர் தந்த விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. கடுமைதான். ஆனால் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் சட்டம் 'மாற்றம்' என்கிறது. முதுகுக்கேற்ப சீட்டின் ஃபோமைத் திருத்துவதும், தெருவே அதிர சைலன்சரை அறுப்பதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தை நாம் மதித்திருந்தால் போலீஸிடம் வாதாட நமக்கு ஒரு வாய் இருந்திருக்கும். நடுராத்திரி ஆஸ்பத்திரி வாசலில் வெடித்துக்கொண்டு போனவர்கள் அந்த வாயையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள்.

ஆகவே தம்பி, தங்கச்சி, அடுத்த சாமான் ஆர்டர் பண்ணுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். சீட்டைக் கழற்றுங்கள். ஃபியூஸ் பெட்டி எங்கே, எந்த ஃபியூஸ் எதற்கு என்று பாருங்கள். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, எந்த ஒயராவது விறைக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். கேளுங்கள், சொல்லித் தருவார். அதற்கப்புறம் எதை வேண்டுமானாலும் மாட்டுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன்.