வெளிநாட்டுல நெட் வேணும்தான், அதுக்காக நம்ம ஊர் சிம்மைக் கழட்டாதீங்க

வெளிநாட்டுப் பயணத்துக்கு டிக்கெட் போட்டதுமே வீட்டில் ஒரு விவாதம் ஆரம்பிக்கும். ரோமிங் பேக் போடலாமா, அங்க இறங்கினதும் லோக்கல் சிம் வாங்கலாமா, இல்ல இப்போ எல்லாரும் சொல்ற இ-சிம்மா? ஒரு வாரம் பத்து நாள் பயணத்துக்கு இந்த மூணுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் பெரும்பாலும் சில நூறு ரூபாய், மிஞ்சிப் போனா ஆயிரம் சொச்சம். லட்சக்கணக்கில் செலவு பண்ணிப் போற பயணத்தில் இதுக்காக ரெண்டு ராத்திரி உட்கார்ந்து வீடியோ பார்க்கிறது (நம்ம சேனலையும் சேர்த்துத்தான் சொல்றேன்) கொஞ்சம் அதிகம்தான்.

பணம் உண்மையிலேயே போற இடம் வேற. ஏர்போர்ட் கவுன்டரில் லோக்கல் சிம் வாங்குறோம். கடைக்காரரே பின்னை வச்சுக் குத்தி, நம்ம ஊர் சிம்மை வெளியே எடுத்து, புது சிம் இருந்த அட்டையில ஒட்டிக் கையில கொடுப்பார். நாமளும் பர்ஸ்ல வச்சுக்குவோம். அந்த நிமிஷத்தில் இருந்து உங்க பேங்க், கார்டு, டீமேட், பிஎஃப், ஆதார் எல்லாத்துக்கும் வர்ற ஓடிபி ஒண்ணுகூட உங்க கைக்கு வராது.

பத்து நாள் பயணம்னா சமாளிச்சுடலாம். ஆறு மாசம் மகன் வீட்டில், மகள் வீட்டில் இருக்கலாம்னு அமெரிக்கா போற அப்பா அம்மாவை நினைச்சுப் பாருங்க. ஒரு சிஏவா ஒவ்வொரு ஜூலையும் நான் பார்க்கிற கதை இது. மே மாசம் கிளம்புவாங்க. ஜூலை 31 நெருங்கும்போது, 'ரிட்டர்ன் போட்டுடுங்க தம்பி'ன்னு வாட்ஸ்அப்பில் மெசேஜ் வரும். ரிட்டர்ன் போடுறது பெரிய விஷயமே இல்ல. போட்ட 30 நாளுக்குள்ள வெரிஃபை பண்ணணும். அவங்களுக்குத் தெரிஞ்ச வழி ஆதார் ஓடிபி. அது போற நம்பர் இருக்கிற சிம், மாம்பலத்தில் பூட்டின பீரோவுக்குள்ள இருக்கும்.

30 நாள் தாண்டினா, நீங்க வெரிஃபை பண்ற தேதியைத்தான் ரிட்டர்ன் போட்ட தேதியா எடுத்துப்பாங்க. அதாவது நேரத்துக்குப் போட்டும் லேட். லேட் ஃபீ 5,000 ரூபாய் வரைக்கும் போகும். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா 1,000. வெரிஃபை ஆகற வரைக்கும் ரீஃபண்டும் நகராது. நெட் பேங்கிங் வழியாவும் வெரிஃபை பண்ணலாம், ஆனா அதுக்குள்ள நுழையவும் பெரும்பாலும் அதே நம்பருக்குத்தான் ஓடிபி போகும். கையெழுத்துப் போட்டு ஐடிஆர்-வி ஃபாரத்தை பெங்களூருக்குத் தபாலில் அனுப்பலாம். நியூஜெர்சியில் இருந்து அனுப்பி, அதுவும் அந்த 30 நாளுக்குள்ள போய்ச் சேரணும்.

இதைவிட மோசமான ஒண்ணு இருக்கு. ரீசார்ஜ் இல்லாமல் விட்ட நம்பரை கம்பெனி ஒரு கட்டத்தில் துண்டிச்சுடும். துண்டிச்ச நம்பரை 90 நாள் கழிச்சு வேற ஒருத்தருக்குக் கொடுக்கலாம். 2023-ல் உச்ச நீதிமன்றத்திலேயே இந்த விஷயம் பேசப்பட்டது. உங்க பேங்க் அக்கவுன்ட்டோட இணைஞ்ச நம்பர் முகம் தெரியாத ஒருத்தர் கையில. யோசிச்சுப் பாருங்க.

'20 ரூபாய் பேலன்ஸ் வச்சா நம்பர் போகாது'ன்னு ஒரு பேச்சு சுத்துது. பாதி உண்மை. பிரீபெய்டில் பேலன்ஸ் இருந்தா நம்பர் உடனே பறிபோகாது, அப்படி ஒரு டிராய் விதி 2013-ல் இருந்தே இருக்கு. ஆனா நம்பர் உங்க பேர்ல இருக்கிறது வேற, அதுக்கு எஸ்எம்எஸ் வந்து சேர்றது வேற. பேக் முடிஞ்சு கொஞ்ச நாளில் இன்கமிங் நின்னுடும். நான் சொல்றது இதுதான்: 2024 டிசம்பரில் டிராய் போட்ட உத்தரவுக்குப் பிறகு, டேட்டா இல்லாமல் கால், எஸ்எம்எஸ் மட்டும் இருக்கிற நீண்ட நாள் பேக்குகள் வந்திருக்கு. ஒரு வருஷம் வரைக்கும் செல்லுபடி ஆகலாம். ஊருக்குக் கிளம்பும் முன்னாடி அப்பா அம்மா ரெண்டு பேர் நம்பருக்கும் அதைப் போட்டுடுங்க. ஆடிட்டரா நான் சிபாரிசு பண்ற மலிவான இன்சூரன்ஸ் இது.

சரி, நெட் எப்படி? நம்ம சிம் போனிலேயே இருக்கட்டும், அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் பண்ணுங்க. டேட்டாவுக்கு இ-சிம் போடுங்க. இ-சிம் எடுக்காத போனா இருந்தா, ரெண்டாவது ஸ்லாட்டில் லோக்கல் சிம். ரோமிங் வசதி ஆன்ல இருக்கான்னு, அதுக்குத் தனியா பேக் எதுவும் போடணுமான்னு, உங்க கம்பெனி ஆப்பில் இங்க இருக்கும்போதே பார்த்துடுங்க. ரோமிங்கில் வர்ற எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவா காசு கிடையாது. வர்ற காலை எடுத்தா உண்டு. அதனால கிரெடிட் கார்டு வேணுமான்னு கேட்டு யாராவது கூப்பிட்டா எடுக்காதீங்க, வாட்ஸ்அப்பில் பேசிக்கலாம்.

டேட்டா ரோமிங்கை ஏன் ஆஃப் பண்ணச் சொல்றேன்னா, பேக் இல்லாமல் ஓடுற டேட்டா எம்பி கணக்கில் ஏறும். ஒரு பேச்சுக்கு எம்பிக்கு 2 ரூபாய்னு வச்சுக்கிட்டா, 1 ஜிபிக்கு 2,048 ரூபாய், மேல 18% ஜிஎஸ்டி. நீங்க தூங்கும்போது போட்டோ எல்லாம் தானா பேக்கப் ஆச்சுன்னா 1 ஜிபி எந்த மூலைக்கு? போஸ்ட்பெய்டு வச்சிருக்கிறவங்க கூடுதல் ஜாக்கிரதை. விமானத்திலும் கப்பலிலும் இருக்கிற நெட்வொர்க் தனி. நாட்டுக்குன்னு வாங்கின பேக் அங்க செல்லாது, ஃபிளைட் மோடில் போட்டுடுங்க.

எல்லையோரமும் அப்படித்தான். தனுஷ்கோடி போனவங்களுக்குத் தெரியும், இலங்கை சிக்னல் எட்டிப் பிடிக்கும். சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் பக்கம் நின்னா மலேசிய நெட்வொர்க் வரும். சிங்கப்பூருக்கு மட்டும் இ-சிம் வாங்கிட்டு ஜோகூர் பாருவுக்கு ஒரு நாள் போனா நெட் இருக்காது; ரெண்டு நாடும் சேர்ந்த பிளானா பார்த்து வாங்குங்க. ஐரோப்பாவில் ஒரு சிம் பல நாட்டுக்கு ஓடும், 2017-ல் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள தனி ரோமிங் கட்டணம் இல்ல. ஆனா நம்ம டூர்காரங்க தவறாமல் கூட்டிட்டுப் போற சுவிட்சர்லாந்து அந்த ஒன்றியத்தில் இல்ல.

சீனாவுக்கு மட்டும் நான் மாத்திச் சொல்லுவேன். கான்டன் கண்காட்சிக்குப் போற திருப்பூர், சிவகாசி வியாபாரிங்க லோக்கல் சிம் வாங்கினா வாட்ஸ்அப், ஜிமெயில் எதுவும் திறக்காது. நம்ம சிம்மில் ரோமிங் போட்டா டேட்டா இந்தியா வழியா சுத்தி வர்றதால எல்லாம் வேலை செய்யும். அங்க ரோமிங் பேக்குக்குக் கொடுக்கிற கூடுதல் காசு நியாயமானதுதான். நம்பர் கம்பெனி பேர்ல இருந்தா ஜிஎஸ்டி எண்ணோட பில் வாங்க மறக்காதீங்க.

பழைய பட்டன் போனை 'ஓடிபிக்கு மட்டும்'னு எடுத்துட்டுப் போறவங்க கவனிக்கணும். சிங்கப்பூரில் 2ஜியை 2017-லேயே நிறுத்தியாச்சு, அந்த போனில் டவரே வராது. அமெரிக்காவில் இருந்து பிள்ளைங்க வாங்கி அனுப்புற ஐபோன் 14-லயும் அதுக்கு அப்புறம் வந்த மாடல்களிலும் சிம் போடுற இடமே கிடையாது. அந்த போனைத்தான் எடுத்துட்டுப் போறீங்கன்னா, நம்ம சிம்மை இ-சிம்மா மாத்துறதைக் கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே இங்க முடிச்சுடுங்க.

யுபிஐ ஆப்பும் அப்படித்தான். முதல் தடவை ரிஜிஸ்டர் பண்ணும்போது உங்க சிம்மில் இருந்து ஒரு எஸ்எம்எஸ் போகும். வெளிநாட்டில் போய் போனை ரீசெட் பண்ணினாலோ புது போனுக்கு மாறினாலோ திரும்ப அதே வேலை, அங்க இருந்து அது எளிதில் நடக்காது. இலங்கையிலும் மொரீஷியஸிலும் 2024 பிப்ரவரியில் இருந்து கடைகளில் யுபிஐ இருக்கு. ஆப்பில் சர்வதேசப் பயன்பாட்டை ஆன் பண்ணிட்டுப் போங்க. பல இ-சிம்களில் வெறும் டேட்டாதான், நம்பர் வராது. அதனால கிராப் மாதிரி டாக்ஸி ஆப்பை வீட்டிலேயே நம்ம நம்பரில் ரிஜிஸ்டர் பண்ணிடுங்க. வாட்ஸ்அப் 'நம்பரை மாத்தவா?'ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க.

இ-சிம்மை இந்திய கார்டில் வெளிநாட்டு கம்பெனிகிட்ட வாங்கினா, பல கார்டுகளில் 3.5% மார்க்கப், அது மேல ஜிஎஸ்டி, ஆக 4.13%. ஆயிரம் ரூபாய்க்கு 41 ரூபாய். விட்டுத்தள்ளுங்க. கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனையை மட்டும் முன்னாடியே ஆன் பண்ணிடுங்க, ஏர்போர்ட்டில் நின்னுக்கிட்டுப் பண்ணினா அதுக்கும் ஒரு ஓடிபி கேட்கலாம்.