சம்பளம் முதலில், காணிக்கை பிறகு

1941-இல் சிலாங்கூர் தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். தோட்டத் துரையோ அலுவலகக் கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்பது அது. சீனத் தொழிலாளிக்கு ஈடான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, பெண்களிடம் நடக்கும் அத்துமீறலுக்கு முடிவு ஆகியவையும் உடன் இருந்தன. பதிலாக வந்தது ராணுவம். துப்பாக்கிச் சூட்டில் பாட்டாளிகள் மாண்டனர். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அந்தத் துரைமாரில் பெரும்பாலோர் கிறிஸ்துவர்கள். கிராணிமாரிலும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த கிறிஸ்துவர்கள் இருந்தார்கள். வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபின் நிருபம் எச்சரிப்பதை அவர்கள் வாசித்திராமல் இல்லை.

பழைய கணக்கை இப்போது ஏன் கிளற வேண்டும்? நாற்காலியில் ஆள் மாறியிருக்கிறது, அதனால்தான். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் உருவானது நம் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், தென்னமரம் தோட்டத்தில். இன்று இப்பகுதிகளில் குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசிகள். தோட்ட லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளோ பெஸ்தாரி ஜெயாவிலும் ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் குத்தகையாளராக, கடைக்காரராக, உணவக முதலாளியாக, வீட்டுப் பணிப்பெண் வைத்திருப்பவராக ஆகியிருக்கிறார்கள். அவர்களில் தமிழ்க் கிறிஸ்துவர்களும் உண்டு. இந்தத் தலையங்கம் அவர்களுக்காக.

தொழிலாளர்களின் பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குவோம். "கொடுத்தால் ஓடிவிடுவான்" என்பது எல்லா முதலாளிகளும் சொல்லும் நியாயம். ஏஜெண்டுக்கும் அந்நியத் தொழிலாளர் லெவிக்கும் கட்டிய பணம் போய்விடுமே என்ற பயத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. சிறு குத்தகையாளருக்கு ஓர் ஆள் போனாலும் அந்த மாத அறுவடை தடுமாறும். ஆனால் பிறருடைய பாஸ்போர்ட்டைச் சட்ட அதிகாரமின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்கக்கூடாது. 2018 முதல் அது முதலாளியின் பொறுப்பு. பாதுகாப்புக்காகத்தான் வைத்திருக்கிறோம் என்றால் ஆளுக்கொரு பூட்டுப்பெட்டி வாங்கிக் கொடுத்து, சாவியை அவரிடமே விடுங்கள். அதற்கு மனம் வராவிட்டால், பூட்டப்பட்டிருப்பது காகிதம் அல்ல, ஆள்தான்.

அடுத்தது சம்பளம். பொழுது சாயுமுன் கூலியைக் கொடு, அவன் உன் சகோதரனானாலும் உன் ஊரில் தங்கிய அந்நியனானாலும் சரி என்பது உபாகமத்தின் சட்டம். மலேசியச் சட்டம் இன்னும் தாராளம். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாள் வரை தவணை தருகிறது. அதையும் தாண்டி "மில்லிலிருந்து பணம் வரட்டும்" என்று இழுத்தடிப்பவர், தன் கடனைத் தொழிலாளியின் வயிற்றிலிருந்து வாங்குகிறார். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அது தரையே தவிர, கூரை அல்ல.

வீட்டுப் பணிப்பெண்கள் விஷயம் இன்னும் மோசம். குறைந்தபட்சச் சம்பள ஆணை அவர்களை விட்டுவிட்டது. வாராந்தர ஓய்வுநாள் விதியும் அவர்களை எட்டவில்லை. சட்டம் கைவிட்ட இடத்தில்தான் விசுவாசத்துக்கு வேலை. ஓய்வுநாள் கட்டளை வேலைக்காரனையும் வேலைக்காரியையும் வாசலுக்குள் தங்கும் அந்நியனையும் சொல்லியே சேர்க்கிறது. ஆனால் ஞாயிறு ஆராதனையில் சில வீட்டுப் பணிப்பெண்கள் பின்வரிசையில் குழந்தையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். குடும்பத்துக்கு அது ஆராதனை. அவர்களுக்கு அது வேலை நேரம்.

கிறிஸ்துமஸுக்குப் பிரியாணியும் புதுச்சட்டையும் கொடுக்கிறோமே என்பார்கள். கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? துரைமாரும் தீபாவளிக்கு அன்பளிப்பு கொடுத்தவர்கள்தான். ஆனால் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் பாட்டாளிக் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்துக் கிடந்ததை நம் கண்ணெதிரே பார்த்தோம். அன்பளிப்புக்கும் உரிமைக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியாததா?

திருச்சபைகளும் இதில் கைகழுவ முடியாது. அறுவடைப் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை நூறு ரிங்கிட்டுக்கு எடுக்கும் முதலாளிக்குக் கைதட்டல் விழுகிறது, சபைக் கமிட்டியில் இடமும் கிடைக்கிறது. அவரிடம் வேலை செய்பவர்களின் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது, சம்பளம் எந்தத் தேதியில் போகிறது, ஓய்வு எந்த நாள் என்று போதகரும் பங்குத் தந்தையும் கேட்க வேண்டும். கமிட்டித் தேர்தலுக்கு முன்பே, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பதில் சொல்ல முடியாதவரின் பூசணிக்காயை அடுத்தவருக்கு ஐந்து ரிங்கிட்டுக்கே கொடுத்துவிடலாம்.