தேங்கிக் கிடக்கும் அரசுப் பொருள்கள்

எங்கள் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் பேர்போன ஊர். இங்கே வந்திறங்கும் தக்காளியும் முருங்கையும் அன்றைக்கே கேரளத்துக்கு லாரி ஏறிவிடும். எந்த ஊருக்கு எது வேண்டும் என்பது வியாபாரிகளுக்கு அத்துபடி. (விலை விழுந்தால் தக்காளி தெருவில் கொட்டப்படுவதும் உண்டு, அது வேறு கதை.)

அரசாங்கப் பொருள்கள் மட்டும் ஏனோ இப்படி நகர்வதில்லை. அலுவலக வளாகங்களில் டயர் இறங்கிய ஜீப்பையும், அதன்மேல் படர்ந்த கொடியையும் பார்க்காதவர் யார்? பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை அதைத் தொடமுடியாது. கழிவு செய்ய மேலிடத்து உத்தரவு வேண்டும், மதிப்பீடு வேண்டும், ஏலம் வேண்டும். அதற்குள் அதிகாரி மாற்றலாகிவிடுவார். துரு மட்டும் எந்த உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை!

மாணவியராகிய எங்களை மிகவும் வருத்தியது மடிக்கணினிச் செய்திதான். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்காக வாங்கியவற்றில் 55 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பயன்படாமல் கிடந்தன என்று, 2024-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை கூறியது. மதிப்பு சுமார் 68 கோடி ரூபாய். பெட்டியைப் பிரிக்காவிட்டாலும் உள்ளிருக்கும் பாட்டரிக்கு வயதாகும் அல்லவா?

அமெரிக்காவில் 1949-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. மைய அரசிடம் மிகுந்த பொருளை முதலில் பிற அரசுத் துறைகளுக்குக் காட்டுவார்கள். அவர்கள் வேண்டாமென்றால் மாநிலங்கள் வழியாகப் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போகும். அதற்கும் பிறகே விற்பனை.

நம் பகுதியில் இதைச் செய்வது கடினமா? ஒட்டன்சத்திரம், பழனி, வேடசந்தூர், திண்டுக்கல் அலுவலகங்கள் சேர்ந்து ஒரே பட்டியல் வைக்கட்டும். ஓரிடத்தில் மிகுந்த பெஞ்சு இன்னோரிடத்து அங்கன்வாடிக்குப் போகட்டும். கால் ஆடினால் ஐ.டி.ஐ. மாணவர்கள் செப்பனிடுவார்கள். "பழையதை ஏழைப் பள்ளியின் தலையில் கட்டுவதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆகவே, வேண்டாமென்று சொல்லும் உரிமை வாங்குபவருக்குக் கட்டாயம் இருக்க வேண்டும்.

வாகனங்களுக்கு இந்த ஒற்றுமை இன்னும் அவசியம். 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தாகும் என்று மத்திய அரசு விதித்தது. அவற்றைப் பதிவு பெற்ற நிலையத்தில்தான் உடைக்க வேண்டும். எண்ணெயும் பாட்டரி அமிலமும் மண்ணில் இறங்கக் கூடாது என்பதால் இது நல்ல ஏற்பாடே. ஆனால் ஊருக்கொரு நிலையம் அமையாது; ஒற்றை ஜீப்பை இழுத்துச் செல்லும் செலவும் கட்டாது. நான்கு ஊர் வண்டிகளையும் ஒரே நாளில் அனுப்பினால் கட்டும்.

பட்டியல் எழுத ஆளில்லை என்று சொன்னால், தேர்வு முடிந்ததும் நாங்கள் வருகிறோம். நோட்டும் பேனாவும் எங்களுடையவை.