பந்தி இலவசம்... பாத்திரம் தேய்ப்பது யார்?

கதிர்காமத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் அது என்ஜினீயர் மேல்தான் விழும். திரும்பிப் பார்த்துத் திட்டினால் வேலையில் இருக்கிறவர். தேய்த்துக்கொண்டே பேசாமல் போனால் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறவர். இந்த இரண்டாவது ரகத்துக்கு எங்கே போனாலும் ஒரே உபதேசம்: "ஓப்பன் சோர்ஸ்ல ஏதாவது பண்ணுப்பா, பயோடேட்டா பளபளன்னு ஆயிடும்."

நல்ல உபதேசம்தான். அந்த 'ஏதாவது'வில்தான் சனி பகவான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

விஷயம் தெரியாத அன்பர்களுக்கு: புரோகிராமைப் பூட்டி வைக்காமல் ஊருக்கே திறந்துவிடுவதுதான் ஓப்பன் சோர்ஸ். யாரும் எடுக்கலாம், படிக்கலாம். தப்பிருந்தால் திருத்தி, 'இதைச் சேர்த்துக்குங்க' என்று அனுப்பலாம். வருவதையெல்லாம் படித்துப் பார்த்துச் சேர்க்க நாலைந்து பேர் இருப்பார்கள், சில இடங்களில் ஒரே ஆள். பலருக்குச் சம்பளம் கிடையாது. ஆபீஸ் முடிந்து, ராத்திரி சாப்பாடு முடிந்து, பெண்டாட்டி முறைக்க முறைக்க உட்கார்ந்து பார்க்கிற ஜன்மங்கள்.

2020 அக்டோபரில் டிஜிட்டல் ஓஷன் என்ற அமெரிக்கக் கம்பெனி, 4 திருத்தம் அனுப்பினால் டீ-ஷர்ட் என்று வழக்கம்போல அறிவித்தது. முதல் 70,000 பேருக்கு! இலவசம் என்றால் நாம் விடுவோமா? முகப்புக் குறிப்பில் 'அற்புதமான புராஜெக்ட்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினால் போதும் என்று ஒரு வீடியோ வழிகாட்ட, உலகம் பூராவும் அற்புதம் குவிந்துவிட்டது. மூன்றே நாளில் கம்பெனி சட்டத்தை மாற்றியது. சம்மதம் சொன்ன புராஜெக்டுகளுக்கு அனுப்பினால்தான் இனி கணக்கு.

அதையாவது டீ-ஷர்ட் ஆசை என்று மன்னிக்கலாம். 2024-ல் நடந்தது இன்னும் கூத்து. எக்ஸ்பிரஸ் என்று ஒரு சமாசாரம், எக்கச்சக்கமான இணையதளங்களுக்கு அடிக்கல். நம் நாட்டு இணைய வகுப்பு ஒன்றில், திருத்தம் அனுப்புவது எப்படி என்று அதை வைத்தே பாடம் நடத்திக் காட்டினார்கள். மாணவர்களும் சொல்பேச்சுத் தட்டாமல் தங்கள் பெயரைக் குறிப்பில் சேர்த்து அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கில்! ஒவ்வொன்றுக்கும், அந்தப் புராஜெக்டைப் பின்தொடர்கிற அத்தனை பேருக்கும் ஈ-மெயில் மணி அடிக்கும். பரீட்சை நம்பரைக் கோயில் சுவரில் எழுதுவோமே, அதேதான். மொய் வைக்காமல் மொய் நோட்டில் மட்டும் பெயர் எழுதுகிற கெட்டிக்காரத்தனம் என்றும் சொல்லலாம்.

பசங்களைத் திட்ட எனக்கு மனசில்லை. சிலேட்டு எது, சன்னதிச் சுவர் எது என்று வாத்தியார் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் விலை கொடுப்பது யார் தெரியுமோ? நாளைக்கு நிஜமாகவே ஒரு தப்பைக் கண்டுபிடித்து அனுப்பப்போகிற கதிர்காமத்துப் பையன். பெயரைப் பார்த்ததுமே 'ஆஹா, வந்துட்டான்யா இன்னொருத்தன்' என்று ஓரங்கட்டுவார்கள்.

உள்ளே இருப்பவர்கள் மட்டும் உத்தமர்களா என்றால் அதுவும் இல்லை. 1991-ல், 21 வயதில், ஹெல்சிங்கியில் லினக்ஸை ஆரம்பித்த லினஸ் டோர்வால்ட்ஸ் சரியான வாய்த்துடுக்குக்காரர். சுமாரான திருத்தம் வந்தால் அனுப்பியவரின் மூளையையே விசாரிப்பார். 2018 செப்டம்பரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, லீவு போட்டுவிட்டுப் போய், அடுத்த மாதம் திரும்பி வந்தார். அதே சமயத்தில்தான் லினக்ஸுக்கு முறையான நடத்தை விதிகளும் வந்தன.

நச்சரிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எக்ஸ்-இஸட் கதை. கோப்புகளைச் சுருக்கும் குட்டிப் புரோகிராம், பார்த்துக்கொண்டவர் லாஸி காலின் என்ற ஒற்றை ஆள். 2022-ல் முகம் தெரியாதவர்கள் 'ஏன் இவ்வளவு லேட்டு?' என்று குடைந்தெடுத்தார்கள். மனசு சரியில்லை, இது சம்பளமில்லாத வேலை என்று மனிதர் சொல்லியும் விடவில்லை. அப்போது ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பவ்யமாக உதவிக்கு வந்து, பொறுப்பையும் வாங்கி, 2024-ல் உள்ளே ஒரு கள்ளக் கதவு வைத்துவிட்டார். லாகின் ஆக அரை செகண்டு கூடுகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் தோண்டிப் பார்த்ததால் உலகம் தப்பித்தது. நச்சரித்தவர்களும் அதே கோஷ்டியின் பொய்ப் பெயர்கள்தான் என்று பலமான சந்தேகம்!

சரி, ஒழுங்காக நுழைவது எப்படி? 'ரெஸ்பெக்டட் ஸார், திஸ் ஒர்க் எனக்குக் கொடுங்க' என்று துண்டு போட்டுவிட்டுக் காணாமல் போகாதீர்கள். அங்கே ஸார் கிடையாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். புதியவர்களுக்கு என்றே சில புராஜெக்டுகளில் சின்ன வேலைகளைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். எந்த வெர்ஷன், என்ன செய்தபோது புட்டுக்கொண்டது என்று ஒருவர் நாலு வரி சுத்தமாக எழுதினாலே கும்பிடு போடுவார்கள்.

தனியாகப் போகக் கூச்சமா? புதுச்சேரியிலேயே கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது. இந்திரா காந்தி சிலைப் பக்கம் விழுப்புரம் பஸ் ஏறினால் அங்கே ஒரு குனு லினக்ஸ் பயனர் குழு. 2023 ஜனவரியில் டெபியன்காரர்களின் மாநாட்டையே விழுப்புரத்துக்கு வரவழைத்த ஆசாமிகள். போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். அசட்டுக் கேள்வி கேட்க நேரில்தான் வசதி. உலகம் பூராவுக்கும் மணி அடிக்காது.