ஐயாயிரம் ரூபாய்க்கு எத்தனை கிலோ இலை?

கணினி பற்றி ஒரு பி.காம். மாணவி எழுதுவதா என்று சிலர் சிரிப்பது இங்கே கேட்கிறது. பரவாயில்லை, சிரித்துவிட்டே படியுங்கள். ஒரு மாதமாக எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வேண்டும், அதில் என்ன ப்ராசஸர் போடுவது?

வீடு குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில். ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே தேயிலை உண்டு. பெரியப்பா மகளுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில்தான் நான் முதலில் டைப் அடிக்கப் பழகினேன். அது போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. இப்போது எனக்கு டேலியும் எக்செல்லும் வேண்டும். பத்தாவது படிக்கும் தம்பிக்குப் பாடம் பார்க்க வேண்டும் (இது அப்பாவிடம் சொன்ன காரணம், உண்மையான காரணம் கேம்). அப்பாவுக்கு ஃபேக்டரியில் போட்ட இலைக் கணக்கு வேண்டும். மொத்தம் ஒதுக்கிய பணம் 35,000 ரூபாய். மானிட்டர் மட்டும் மாமா வீட்டில் சும்மா கிடந்ததால் அந்தச் செலவு மிச்சம்.

கோவைக்கு இறங்கிப் போய் ஒரு கடையில் விசாரித்தோம். கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை, தம்பியிடமே பேசினார். "தம்பி, எடுக்கறதே எடுக்கறீங்க, ரைசன் 7 5700ஜி எடுத்துக்குங்க. எட்டு கோர். அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்." நாங்கள் மனதில் வைத்துப் போனது ரைசன் 5 5600ஜி. அன்றைக்கு அந்தக் கடையில் இரண்டுக்கும் வித்தியாசம் ஐயாயிரம் ரூபாய். தம்பி கண்ணில் பல்பு எரிந்தது. அப்பா என் பக்கம் திரும்பினார். "கணக்குப் படிக்கிறவ நீதானே, சொல்லு" என்று அர்த்தம்.

யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும் வரை யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதல் கணக்கு ரொம்பச் சுலபம். பச்சைத் தேயிலைக்குக் கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐயாயிரம் ரூபாய் என்றால் 250 கிலோ இலை. அம்மா ஒரு நாளைக்கு 25 கிலோ பறித்தால் பத்து நாள். அதாவது அந்தக் கூடுதல் இரண்டு கோரின் விலை, அம்மா பனியில் நிற்கும் பத்து நாள். அதிலும் உரம், மருந்துச் செலவைக் கழிக்கவில்லை. இந்தப் பத்து நாளுக்கு ஈடாக நமக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு ப்ராசஸர் என்றால் என்ன என்று கொஞ்சம் தெரிய வேண்டும். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கோர் என்பது இலை பறிக்கும் ஆள். கிகாஹெர்ட்ஸ் என்பது கை எவ்வளவு வேகமாகப் போய் வருகிறது என்பது. ஒரு பிடியில் எத்தனை கொழுந்து வருகிறது என்பது அந்தச் சில்லின் வடிவமைப்பைப் பொறுத்தது, சுருக்கமாகச் சொன்னால் அதன் தலைமுறை. கடைகளில் முதல் இரண்டைத்தான் சொல்வார்கள். மூன்றாவதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அது அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இல்லை.

இதற்குச் சரித்திரமே சாட்சி. 2004-ல் பென்டியம் 4 சில்லு 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை போனது. எண் பெரிதானால் வேகம் பெரிது என்று உலகமே நம்பிய காலம். 2006-ல் அதே இன்டெல் கோர் 2 டுயோவைக் கொண்டுவந்தது. அதன் எண் மூன்று கிகாஹெர்ட்ஸைக்கூடத் தொடவில்லை, ஆனால் பென்டியம் 4-ஐச் சுலபமாக முந்தியது. இன்னொரு உதாரணம்: 2013-ல் வந்த ஐ7 4770, 2022-ல் வந்த ஐ3 12100 இரண்டுமே நான்கு கோர், எட்டு த்ரெட். பெயரில் ஐ7 அண்ணன், ஐ3 தம்பி. ஆனால் வேகத்தில் தம்பிதான் அண்ணனைத் தாண்டிவிடுகிறான். எனவே "ஐ7 சார், செகண்ட் ஹேண்ட், சல்லிசு" என்று யாராவது சொன்னால் அதற்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். 4 என்று தொடங்கும் நான்கு இலக்க எண் என்றால் நான்காம் தலைமுறை. 12 என்று தொடங்கும் ஐந்து இலக்கம் என்றால் பன்னிரண்டாம் தலைமுறை.

செகண்ட் ஹேண்ட் பற்றி இன்னொன்று. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி வேலை செய்ய இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதனால் அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய பெட்டிகள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தெரிந்தவருக்கு அவை நல்ல பெட்டிகள். எனக்கு டேலி வேண்டும், அது விண்டோஸில் ஓடுவது. அதனால் அந்த வழி எனக்கு இல்லை.

சரி, நம் கடைக்காரர் விஷயத்துக்கு வருவோம். 5600ஜி ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். 5700ஜி எட்டு கோர், பதினாறு த்ரெட். இரண்டும் 2021-ல் வந்தவை, இரண்டும் 65 வாட். இரண்டிலும் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, தனிக் கார்டு வேண்டியதில்லை. கேம் விளையாட முக்கியம் இந்த கிராபிக்ஸ்தான். அதில் ஒன்றுக்கு ஏழு யூனிட், மற்றதற்கு எட்டு. அவ்வளவுதான் வித்தியாசம்! விளையாடும்போது தம்பிக்குக் கண்ணில்கூடத் தெரியாது. டேலிக்கும் எக்செல்லுக்கும் நாங்கள் போடும் அளவு கணக்குக்கு ஆறு கோரே அதிகம். வீடியோ எடிட்டிங் செய்து சம்பாதிப்பவர் என்றால் எட்டு கோர் வாங்கலாம், அது அவருக்கு முதலீடு. எங்களுக்கு அது வெறும் பெருமை.

"அஞ்சு வருஷத்துக்குக் கவலை வேண்டாம்" என்ற வாதத்தையும் பார்ப்போம். எங்கள் வருமான வரிப் பாடத்தில் கணினிக்குத் தேய்மானம் 40 சதவீதம். ஐயாயிரம் ரூபாய் முதல் வருட முடிவில் 3,000. இரண்டாம் வருடம் 1,800. மூன்றாம் வருடம் 1,080. கடைத்தெரு விலை இதே கணக்கில்தான் இறங்கும் என்று சொல்லவில்லை. ஆனால் அரசாங்கமே இவ்வளவு சீக்கிரம் தேயும் என்று ஒப்புக்கொண்ட பொருளில், நாளைய தேவைக்கு இன்றே பணம் போடுவது எந்த ஊர்ச் சாமர்த்தியம்? தொழில்நுட்பம் எப்படி வயதாகும் என்பது நீலகிரிக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 1960-ல் ஊட்டியில் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் எவ்வளவு குடும்பங்களுக்குச் சோறு போட்டது! ஃபிலிமுக்கே வேலையில்லாத காலம் வந்ததும் அந்த எந்திரங்களுக்கு என்ன மதிப்பு இருந்தது?

மிச்சமாகும் பணத்தை எங்கே போடுவது? இங்கேதான் மலையின் கணக்கு வேறு.

முதலில் ராம். ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். இரண்டு பாதையில் தகவல் போய்வரும், கேமில் நன்றாகவே வித்தியாசம் தெரியும். 2025 கடைசியில் ராம் விலை கடகடவென்று ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு விற்றால் லாபம் என்று தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததுதான் காரணம். அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் நம்மைப் போன்றவர்கள் வாங்கும் க்ரூஷியல் வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. ஆக, பழைய பெட்டியில் டிடிஆர்4 ராம் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். 5600ஜி உட்காரும் ஏஎம்4 போர்டு டிடிஆர்4 ஏற்கும். புதிய ஏஎம்5 போர்டுக்கு டிடிஆர்5 மட்டும்தான்.

இரண்டாவது யூபிஎஸ். 1932-லேயே பைக்காராவில் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்து கோவை மில்களுக்கு அனுப்பிய மாவட்டம் இது. ஆனால் நாலு தூறல் விழுந்து, கம்பி மேல் ஒரு மரம் சாய்ந்தால் எங்கள் ஊரே இருட்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். போன வருடம் என் வகுப்புத் தோழி ஒருத்தி ப்ராஜெக்டைச் சேமித்துக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போய், ஃபைல் திறக்கவே இல்லை. அழுதுகொண்டே மறுபடி முதலிலிருந்து அடித்தாள். எத்தனை கோர் இருந்தாலும் அதைக் காப்பாற்றியிருக்காது. ஒரு சாதாரண யூபிஎஸ் தரும் ஐந்து நிமிடம் காப்பாற்றியிருக்கும்.

மூன்றாவது, எதில் செலவு செய்ய வேண்டாம் என்பது. பெரிய கூலர் வேண்டாம். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். மெல்லிய காற்று சூட்டை எடுத்துப் போவது கொஞ்சம் குறைவு என்பது உண்மை. ஆனால் அந்தக் காற்றே ஜில்லென்று இருப்பதால் பெட்டியோடு வரும் கூலரே 65 வாட்டுக்குத் தாராளம். நம் ஊரில் பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. சமையலறைச் சுவரை ஒட்டியோ, பனி உள்ளே வரும் ஜன்னல் பக்கமோ பெட்டியை வைக்காதீர்கள்.

தம்பியைச் சமாதானப்படுத்தத்தான் இரண்டு நாள் ஆனது. "கேமே வேண்டாம்னா ஐ3 12100 போதும், இன்னும் கொஞ்சம் மிச்சம் ஆகும், அதை எடுக்கட்டுமா?" என்றேன். "வேண்டாங்க்கா, 5600ஜியே இருக்கட்டும்" என்று உடனே இறங்கி வந்தான். (ஐ3 வாங்கும்போது கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது, ஏமாறாதீர்கள்.)

அடுத்த வாரம் போய் 5600ஜியே வாங்கினோம். மிச்சமான ஐயாயிரத்தில் யூபிஎஸ் வந்தது, எஸ்எஸ்டி 256 ஜிபியிலிருந்து 512 ஆனது. ப்ராசஸரின் பெயரை அப்பா இதுவரை கேட்கவில்லை. இரண்டு மாத இலைக் கணக்கைப் போட்டு, ஃபேக்டரி சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு நாள் எடையைக் குறைத்து எழுதியிருந்தது தெரிந்தது. 14 கிலோ. இதைக் கண்டுபிடிக்க எட்டு கோர் வேண்டியிருக்கவில்லை.

ரைசன் 7 வாங்கியவர்கள் யாரும் அடிக்க வர வேண்டாம். உங்கள் தேவைக்கு அது சரியாகவே இருக்கலாம். கடைக்குப் போகும் முன் உங்கள் வீட்டு இலைக் கணக்கை மட்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். :-)