போஹோவும் பாசிமணியும்

முன்பெல்லாம் முதலில் கல்யாணப் பத்திரிகை வரும். பிறகு கல்யாணம் நடக்கும். ஒரு மாதம் கழித்து ஆல்பம் வரும், அதையும் யாராவது இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரமாட்டார்கள். இப்போது வரிசை தலைகீழாகிவிட்டது. முதலில் போட்டோ வருகிறது, வாட்ஸ்அப்பில். கடற்கரை, காற்றில் பறக்கும் தலைமுடி, பையன் ஒரு பக்கமும் பெண் ஒரு பக்கமும் எதையோ தொலைத்தவர்கள் போலப் பார்வை. பத்திரிகை அதற்கப்புறம்தான்.

காலை நடை முடிந்து நம் வயசுக்காரர்கள் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தால் இதைப் பற்றித்தான் பேச்சு. "தாலி கட்டறதுக்கு முன்னாடி இது என்ன சார் கூத்து?" என்பார் ஒருவர். "நம்ம பண்பாடு இருக்கே..." என்று இன்னொருவர் இழுப்பார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கண்டிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இவர்கள் சொல்வது அது இல்லை.

ஜோடியாக நின்று படம் எடுப்பது தப்பு என்கிறவர்கள் மாமல்லபுரத்தில் ஆதிவராகக் குகைக்கு ஒருமுறை போய்வரட்டும். (பூஜை நடக்கிற இடம், மற்ற நேரத்தில் பூட்டியிருக்கும், கேட்டுக்கொண்டு போங்கள்.) உள்ளே ஒரு சுவரில் சிம்மவிஷ்ணு என்று பெயர் பொறித்த ராஜா உட்கார்ந்திருக்கிறார், இரண்டு பக்கமும் ராணிகள். எதிர்ச் சுவரில் மகேந்திரன் என்ற பெயரோடு இன்னொரு ராஜா, ஒரு ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் இன்னொரு ராணி. எந்த சிம்மவிஷ்ணு, எந்த மகேந்திரன் என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் சர்ச்சை உண்டு. அது அவர்கள் பாடு. கைபிடித்து நிற்பதில் சர்ச்சை இல்லை. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் கல்லில் எடுத்த ஜோடிப் படம், அதுவும் கோயிலுக்குள்.

நாம் மட்டும் என்ன செய்தோம்? 1979-ல் எனக்குக் கல்யாணம் ஆன மறுவாரம் செங்கல்பட்டில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். பின்னால் தொங்கிய திரையில் பனிமலை, ஒரு ஏரி, ஏரியில் இரண்டு அன்னம். நடந்தால் பத்து நிமிஷத்தில் நிஜமான கொளவாய் ஏரி இருந்தது. அதை விட்டுவிட்டு யாரோ வரைந்த வெளிநாட்டு ஏரிக்கு முன்னால் நானும் என் மனைவியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்தப் படம் இன்னமும் ஹாலில் மாட்டியிருக்கிறது. இரவல் பின்னணி எல்லாத் தலைமுறைக்கும் பிடிக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் தம்பி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "பெரியப்பா, மகாபலிபுரம் உங்க ஏரியாதானே, போட்டோ ஷூட்டுக்கு நீங்கதான் கைடு" என்றாள். போட்டோகிராபர் அனுப்பிய திட்டத்தைக் காட்டினாள். தலைப்பு 'போஹோ பீச் தீம்'. லேஸ் வைத்த வெள்ளை கவுன், இறகு செருகிய தலைப்பட்டி, கழுத்து நிறைய மணிமாலை, பிரம்பு நாற்காலி, கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பின்னிய திரை, நாணல் பூ மாதிரி காய்ந்த புல், தரையில் விரிக்க ஜமுக்காளம். மணிமாலை மட்டும் ஒரு நாள் வாடகை 2,500 ரூபாய்.

"போஹோன்னா என்னம்மா?"

"ஃப்ரீயா இருக்கிற லுக் பெரியப்பா. ஜிப்ஸி மாதிரி."

ரிட்டயர்ட் ஆனவனுக்கு வேறென்ன வேலை, தேடிப் படித்தேன். ஐரோப்பாவில் ரோமா என்று ஒரு நாடோடி மக்கள். அவர்களுடைய மொழி நம் வட இந்திய மொழிகளின் குடும்பம், அவர்களின் முன்னோர் இங்கிருந்து போனவர்கள் என்பது மொழியியல்காரர்கள் நிறுவிய விஷயம். 1427-ல் அவர்களில் ஒரு கூட்டம் பாரிஸ் நகர வாசலில் போய் நின்றது. அவர்கள் போஹீமியா நாட்டிலிருந்து, அதாவது இன்றைய செக் குடியரசுப் பக்கமிருந்து, வந்தவர்கள் என்று எண்ணிப் பிரெஞ்சுக்காரர்கள் 'போஹீமியர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானூறு வருஷம் கழித்து, பாரிஸ் மாடி அறைகளில் வாடகை கொடுக்க முடியாமல் கிடந்த ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஹென்றி மூர்ஷே என்பவர் அவர்களைப் பற்றிக் கதைகள் எழுதினார், 1851-ல் புத்தகமாக வந்தது. அதை வைத்து புச்சினி என்ற இத்தாலியர் போட்ட இசை நாடகம் 1896-ல் மேடையேறி உலகப் புகழ் பெற்றது. பிறகு ஹிப்பிகள். அவர்களை நமக்கே தெரியும். எழுபதுகளில் மாமல்லபுரத்தில் மணிமாலையும் ஜடாமுடியுமாகத் திரிந்தவர்களைப் பார்க்காதவர்கள் நம்மில் யார்? இன்றைக்கும் ஒத்தவாடைத் தெருவில் அந்தக் காற்று கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஹிப்பிகளுக்குப் பின் துணிக்கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், பெயரும் சுருங்கி 'போஹோ' ஆயிற்று.

பெயர் இப்படிப் பணக்காரப் பெயராகிவிட்டது. பெயருக்குச் சொந்தக்காரர்களை ஊர் ஊராக விரட்டினார்கள், ஹிட்லர் காலத்தில் லட்சக்கணக்கில் கொன்றார்கள். அதைப் பற்றி எந்தத் துணிக்கடையும் பேசுவதில்லை.

தம்பி மகளுக்கு நான் முதலில் சொன்னது சூரியனைப் பற்றி. அவள் காட்டிய மாதிரிப் படங்கள் எல்லாவற்றிலும் சூரியன் கடலில் இறங்குகிறது. கோவாவில் இறங்கும், வர்க்கலாவில் இறங்கும். நம் கரையில் ஊருக்குப் பின்னால், திருக்கழுக்குன்றம் பக்கமாக அல்லவா இறங்குகிறது! கடலும் சூரியனும் சேர்ந்து வேண்டுமென்றால் விடியற்காலைதான். மாசி மாதத்தில் ஆறரை மணி வாக்கில் உதிக்கும், எட்டு மணிக்குமேல் வெயில் முகத்தைச் சுளிக்க வைத்துவிடும். சாயங்காலம் நாலரைக்கு மேல் கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் முகத்தில் வெளிச்சம் இதமாக விழும். கூட்டமும் அப்போதுதான் இருக்கும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்றால் மறந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். தையும் மாசியும்தான் சரி.

கடற்கரைக் கோயில் தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. கையில் பிடித்து எடுக்கிற கேமரா வேறு, ஸ்டாண்டு வைத்து எடுப்பது வேறு. ஸ்டாண்டு, விளக்கு என்று போனால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அலுவலகம் சென்னைக் கோட்டையில். கல்பாக்கம் பக்கத்திலேயே இருப்பதால் ட்ரோன் விஷயத்தில் விளையாடக் கூடாது. சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையும் இப்போது ஷூட்டுக்குப் பேர்போன இடமாகிவிட்டது. அங்கே பூ வேலைப்பாடும் எழுத்துமாகக் கிடக்கிற பெரிய கற்பலகைகள் கல்லறைகள். அந்தக் காலத்தில் நம் மஸ்லின் துணிக்காக வந்து இங்கேயே செத்துப்போனவர்கள் அடியில் கிடக்கிறார்கள். அதன்மேல் சாய்ந்துகொண்டு முத்தம் கொடுக்கிற ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன். பண்பாடு பேசுகிறவர்கள் இதற்குப் பேசலாம். தை முதல் பங்குனி வரை ராத்திரியில் கரைக்கு ஆமை முட்டையிட வரும், பங்குனி ஆமை என்றே அதற்குப் பெயர். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து ஊர்ப்பக்கம் போய்ச் செத்துவிடும். ஆகையால் ராத்திரி ஷூட்டும் ஃபோகஸ் விளக்கும் வேண்டவே வேண்டாம் என்றேன். ஒப்புக்கொண்டாள். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதே என்றும் சொன்னேன், அதை மட்டும் போட்டோகிராபர் ஒப்புக்கொள்ளவில்லை. முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது காலடி மணல் சரிவது இந்தக் கரையில் புதிதல்ல. நான் கூடவே நின்றேன்.

இனி நான் சொல்ல வந்தது. ஷூட் அன்று ஏழு மணி வாக்கில் ஒரு நரிக்குறவர் பெண்மணி தோளில் பாசிமணிக் கொத்தோடு வந்தார். போட்டோகிராபரின் உதவியாள், "அக்கா, ஃப்ரேம்ல வர்றீங்க, அந்தப் பக்கம் போங்க" என்றான். இரண்டு தடவை மரியாதையாகச் சொன்னான். மூன்றாவது தடவை மரியாதை இல்லை.

அந்த அம்மா போகவில்லை. பெண்ணின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது பிளாஸ்டிக் மணி சாமி. எவ்ளோ குடுத்தீங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. நான்தான் வாடகையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பை என்னால் எழுத முடியாது.

அவர் தோளில் இருந்தது என்ன தெரியுமா? கண்ணாடி மணி, ருத்ராட்சம், சின்னச் சங்கு, கருப்பும் சிவப்புமாகக் கையால் கோத்த சரங்கள். அந்தத் திட்டத்தில் இருந்த படத்துக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இவர்கள் பேசும் வாக்ரிபோலியும் ரோமாக்களின் மொழி மாதிரியே வட இந்திய மொழிக் குடும்பம். இரண்டும் ஒரே கூட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாடோடி மாதிரி வேஷம் போட ஒரு லட்சத்துக்குக் கிட்டே செலவழித்துவிட்டு, ஒரு தலைமுறை முன்புவரை நிஜமாகவே நாடோடியாக இருந்தவரின் மகளை "ஃப்ரேமை விட்டுப் போ" என்கிறோமே, இது எந்த ஊர் நியாயம்?

அதே மாமல்லபுரத்தில், 2021 அக்டோபரில், ஸ்தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் உட்காரவிடாமல் விரட்டினார்கள் என்று பூஞ்சேரியைச் சேர்ந்த ஒரு நரிக்குறவர் பெண் பேசிய வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது நினைவிருக்கும். அமைச்சர் சேகர்பாபு அந்தக் கோயிலுக்கே வந்து அந்தப் பெண்ணோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளியன்று, முதலமைச்சர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே போய்ப் பட்டாவும் சான்றிதழும் கொடுத்தார். இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் கமிட்டி சிபாரிசு செய்தது 1965-ல். நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். ஐம்பத்தேழு வருஷம்! நம்மில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்து, ரிட்டயர் ஆகி, பேரன் பேத்தியும் எடுத்துவிடலாம்.

பந்தியில் இடம் இல்லை என்றதற்கும் ஃப்ரேமில் இடம் இல்லை என்பதற்கும் நான் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. அந்தப் பையன் கெட்டவன் அல்ல, படம் நன்றாக வரவேண்டும் என்று சொன்னான். படத்தில் நாடோடி வேஷம் அழகு, நாடோடி அழகில்லை என்று அவனுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

தம்பி மகள் வாடகை மாலையைக் கழற்றிவிட்டு இரண்டு சரம் வாங்கினாள், இரண்டும் சேர்த்து 300 ரூபாய். எடுத்த படங்களோடு பொருந்தாது என்று போட்டோகிராபர் முணுமுணுத்தார். அவள் காதில் வாங்கவில்லை. "உங்களோட சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டாள். அவர் உடனே கேட்டார்: "எவ்ளோ குடுப்பீங்க?"

மாப்பிள்ளைப் பையனுக்கு முகம் மாறியது. எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்திருந்தது. எத்தனையோ வருஷமாக உள்நாட்டுக்காரனும் வெளிநாட்டுக்காரனும் இவர்களைச் சும்மா படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மாடலுக்குக் காசு, மேக்கப்புக்குக் காசு, நாற்காலிக்கு வாடகை. மனுஷிக்கு மட்டும் இனாமா? மீனவர் படகும் அப்படித்தான். காலையில் கரை சேர்ந்து, அவர்கள் வலையில் மீன் கழற்றுகிற அதே நேரம்தான் இவர்களுக்கு நல்ல வெளிச்சம். கேட்காமல் படகில் ஏறி உட்கார்ந்து போஸ் கொடுக்கிறார்கள், அதுவும் ஷூவோடு. அந்தப் படகு அவர்களுக்குச் சோறு போடுகிற இடம். கேளுங்கள், ஏதாவது கொடுங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்.

எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். நன்றாக எடுங்கள். பிரம்பு நாற்காலியைச் சென்னையிலிருந்து வேனில் ஏற்றி வருவதற்குப் பதில் கோரைப்பாயும் பனையோலை விசிறியும் வாங்கிக்கொள்ளலாம், நாணல் பாலாற்றங்கரையில் காசில்லாமல் பூத்துக் கிடக்கிறது. உப்புக்காற்றில் லேஸ் கவுன் பத்து நிமிஷத்தில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சுங்குடிச் சேலை ஒட்டாது. மணிமாலையை மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள். கடற்கரைக்குப் போகிற வழியிலும் அர்ச்சுனன் தபசு பக்கத்திலும் விற்கிறார்கள். பேரம் பேசாதீர்கள். 500 ரூபாய் நோட்டை நீட்டினால் காலை நேரத்தில் அவர்களிடம் பாக்கி இருக்காது, சில்லறையாக எடுத்துப் போங்கள்.